ரேடியோ அறையின் பழைய டிஸ்க்

ஒரு மணித்தியால வேலை என்று என் வாயால்தான் சொன்னேன். அந்த வாயைக் கொஞ்சம் மூடி வைத்திருந்தால் திங்கள் தொடக்கம் சனி வரை ஒரு இரும்புப் பெட்டியோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். ஆனால் என் வாய் அப்படிப்பட்டது. தெரியாத வேலையைக்கூட ‘இதென்ன பெரிய வேலை’ என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம்.

திருகோணமலை உள்துறைமுகக் கரையில் இருக்கும் ஒரு மீனவர் சங்கத்தில் நான் கிளாக்கர். கிளாக்கர் என்பது பெயருக்குத்தான். கடிதம் அடிப்பது, ரேடியோவில் வள்ளங்களோடு கதைப்பது, கணினி பழுதானால் பார்ப்பது, தலைவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவது எல்லாம் என் ஒருத்தியின் தலையில்தான். வள்ளம் துறையை விட்டு வெளிக்கிட்டதும் ரேடியோவில் என்னைக் கூப்பிடும். நான் நேரத்தைக் கொப்பியில் குறிப்பேன். கதைப்பது முழுவதும் அறையில் இருந்த பழைய கணினியில் பதிவாகும்.

அந்தத் திங்கட்கிழமை காலை சாம்பல்தீவு பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். அவளைத் துறையில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த விதம்தான் சரியில்லை. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் சங்கத்து வள்ளம் ஒன்று புல்மோட்டைக்கு அப்பால் உடைந்து போனது. முன்துண்டு மட்டும் கரை ஒதுங்கியது, ஆட்கள் ஒருவரும் கிடைக்கவில்லை. துறையில் கொடுத்த ஆட்பட்டியலில் ஐந்து பெயர் இருந்தது. அதில் ஒருவன் அன்று காலை நித்திரையால் எழும்பவில்லை. அவன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். அவனுக்குப் பதிலாகத் துறையில் நின்ற யாரையாவது ஏற்றிக்கொண்டு போனார்களா, நாலு பேராகவே போனார்களா என்று ஒருவருக்கும் தெரியாது. அன்று காலையிலிருந்து இந்தப் பெண்ணின் புருஷனையும் காணவில்லை.

“சும்மா துறைக்குப் போயிட்டு வாறன்” என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போனவர். கைபேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. அலுமாரி பூட்டிக் கிடந்தது, அதன் திறப்பைக் காணவில்லை. ஊர்ச்சனத்துக்கு இது போதாதா? போனை விட்டுவிட்டுத் திறப்பைக் கொண்டு போனவன் திட்டம் போட்டுத்தான் போயிருக்கிறான், களவாகப் படகேறி வெளிநாட்டுக்கு ஓடிவிட்டான் என்று கதை கட்டிவிட்டார்கள். அவள் அலுமாரியை உடைத்துப் பார்த்து, உள்ளே ஒரு துணிகூடக் குறையவில்லை என்று வீடு வீடாகச் சொன்னாள். யார் காதில் ஏறியது?

எங்கள் மண்டபத்தில் கடலில் போனவர்களின் பெயர்ப்பலகை ஒன்று தொங்குகிறது. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். ஐயர், பாதர், மௌலவி மூவரும் வருவார்கள். அந்த வள்ளத்தில் போன நாலு பேரும் பலகையில் இருக்கிறார்கள், இவளுடைய புருஷன் இல்லை. ஆதாரம் இருந்தால் எழுதலாம் என்று கமிட்டி கையை விரித்துவிட்டது. வருகிற ஞாயிறு அந்த வருடத்து வாசிப்பு.

“என்ர மகளைப் பள்ளிக்கூடத்தில ஓடிப்போனவன்ர பிள்ளை எண்டு கூப்பிடுறாங்கள் அக்கா” என்றாள். “நீங்க ரேடியோவில கதைக்கிறதை எல்லாம் பதியிறனீங்கள்தானே? அண்டைக்கு அந்த வள்ளம் கதைச்சதும் இருக்குமோ? அதில அவற்ற குரல் ஒரு சொல்லுக் கேட்டாலும் எனக்குக் காணும்.”

“இருக்கும் பிள்ளை. இருங்கோ, ஒரு மணித்தியால வேலை” என்றேன்.

அன்று வள்ளம் என்ன சொன்னது என்று எனக்குத் துப்பரவாக ஞாபகம் இல்லை. நாளுக்கு நாற்பது வள்ளம் கூப்பிடும், எதை என்று ஞாபகம் வைப்பது? என் கொப்பியில் ‘ஐந்து பேர்’ என்று இருந்தது. அதை நம்ப ஏலாது. வள்ளம் கூப்பிட முதலே பட்டியலைப் பார்த்து எண்ணிக்கையை எழுதி வைத்துவிடுவது என் வழக்கம். முன்பெல்லாம் போகிறவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பெயரை ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அது இந்தத் துறையின் பழக்கம். வீட்டுக்கு ஏதும் சேதி இருந்தாலும் சொல்லுவார்கள், நான் போன் எடுத்துச் சொல்லிவிடுவேன். அதை நிறுத்தியதும் நான்தான். அந்தப் பழைய கணினியின் டிஸ்க்கில் உள்ளங்கையளவு இடம்தான் இருந்தது. இவர்கள் பெயரும் சேதியும் பகிடியுமாக ஆளுக்கு இரண்டு நிமிடம் கதைத்தால் கிழமைக்கு ஒரு தரம் நிரம்பி வழியும். நிரம்பினால் தலைவர் என்னைத்தான் பிடிப்பார். ஆகவே துறையில் ஒரு மட்டை எழுதி ஒட்டினேன்: ‘பெயர் சொல்லத் தேவையில்லை. அரை நிமிடத்துக்குள் முடிக்கவும்.’

அந்த வள்ளம் போன கிழமையே அந்தக் கணினி மின்னலில் கருகிப் போனது. டிஸ்கை மட்டும் கழற்றி பிஸ்கட் டின் ஒன்றில் வைத்திருந்தேன். இப்போது அலுவலகத்தில் இருக்கும் புதுக் கணினியில் அதை மாட்டினால் ‘தெரியாத டிஸ்க்’ என்றது. தெரியாதுதான். பழைய கணினிக்குப் பெரிய இயங்குதளம் ஒன்றும் ஏறாது என்று, யுனிக்ஸ் சாயலில் செய்த ஒரு சின்னஞ்சிறு இயங்குதளத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்துப் போட்டவள் நான். அப்போது எனக்குப் பெரிய பெருமை. இந்த மாவட்டத்தில் வேறு யாரும் அதைப் போட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லித் திரிந்தேன். வேறு யாருக்கும் அது விளங்காது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சரி, சாமான் அறையில் கழித்துப் போட்ட இன்னொரு கிழட்டுக் கணினியை இழுத்து வந்து தூசி தட்டினேன். கருகியதில் தப்பியிருந்த ஒலி அட்டையைக் கழற்றி இதில் பொருத்தினேன். அதே சின்ன இயங்குதளத்தை என்னிடமிருந்த சீடியிலிருந்து ஏற்றி, பிஸ்கட் டின் டிஸ்கையும் மாட்டினேன். திறந்தது! நாள்வாரியாகக் கோப்புகள் வரிசையாகக் கிடந்தன, அன்றைய நாளும் கிடந்தது. “இந்தா பாருங்கோ, இருக்குது” என்று அவளிடம் துள்ளிச் சொன்னேன். கோப்பைத் திறக்கச் சொன்னால், விரிக்கிற நிரல் இங்கே இல்லை என்று ஒரு வரி வந்தது.

இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு நாள் முடிவிலும் பதிவை அமுக்கிச் சிறிதாக்கி வைக்கும்படி நானே ஏற்பாடு செய்திருந்தேன். அமுக்கவும் திரும்ப விரிக்கவும் ஒரு நிரல்தொகுதி வேண்டும். கணினிக்காரர்கள் அதை லைப்ரரி என்பார்கள். கருகிய கணினியில் அது இருந்தது, புதிதாக ஏற்றியதில் இல்லை. அதைத் திரும்ப நிறுவ வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் சொன்னதைக் கேட்டு அவளும் தலையாட்டினாள், பாவம்.

இந்தக் கிழட்டுக் கணினிக்கு இணையம் தெரியாது, பென் டிரைவ் தெரியாது. சீடி ஒன்றைத்தான் வாசிக்கும். எழுதவும் தெரியாது. உள்ளே கொண்டுபோகலாம், உள்ளே இருப்பது ஒன்றையும் வெளியே எடுக்க ஏலாது. ஆகவே புதுக் கணினியில் லைப்ரரியின் மூலநிரலை இறக்கி, அதைச் சீடியில் பதிய வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் மட்டும்தான் இன்னும் சீடி பதிகிறார்கள்.

“இப்ப ஆர் அக்கா சீடி அடிக்கினம்? கலியாண வீடியோவோ?” என்று கடைக்காரர் சிரித்தார்.

“கலியாணம் இல்லை, செத்தவீடு. கெதியா அடியுங்கோ” என்றேன். மனுசன் சிரிப்பை விட்டுவிட்டுச் சீடியை எடுத்தார்.

முதல் சீடியைப் போட்டால், வந்த மூலநிரல் பொதியே அமுக்கப்பட்ட பொதி. எதனால் அமுக்கியது என்று நினைக்கிறீர்கள்? அதே லைப்ரரியால்! அதை விரிக்க அது வேண்டும். எனக்கு வந்த கொதியில் மேசையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். பக்கத்துக் கதிரையில் இருந்தவளுக்கு விஷயத்தை விளங்கப்படுத்தினேன். “எங்கட வீட்டு அலுமாரி மாதிரித்தான்” என்றாள் அமைதியாக.

செவ்வாய்க்கிழமை, புதுக் கணினியிலேயே பொதியை விரித்து, கோப்புகளைத் தனித்தனியாக இரண்டாவது சீடியில் பதிந்து கொண்டுவந்தேன். சீடி பதிகிற கணினி எல்லாக் கோப்புகளின் பெயரையும் எட்டு எழுத்தோடு வெட்டிவிட்டது. தலையும் வாலும் இல்லாத பெயர்கள். ஒரு கோப்பு இன்னொன்றைப் பெயர் சொல்லித் தேடுகிறது, அந்தப் பெயரில் யாரும் இல்லை. அட கடவுளே! நூற்றுக்கு மேற்பட்ட கோப்புகளுக்கு உட்கார்ந்து பெயர் மாற்றவா? திரும்ப பஸ் நிலையத்துக்கு நடந்தேன். அந்த வெயிலில், தெருவெல்லாம் திரிகிற திருகோணமலை மான்களே நிழல் தேடிப் படுத்திருந்தன.

மூன்றாவது சீடியில் பெயர்கள் ஒழுங்காக வந்தன. மூலநிரலைக் கணினி ஓட்டுகிற நிரலாக மாற்ற, கம்பைல் பண்ணும் கட்டளையைக் கொடுத்தேன். ஓடியது, ஓடியது, திரும்பத் திரும்ப முதலிலிருந்தே ஓடியது. புதன்கிழமை மத்தியானம் வரை அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. கணினியின் உள் பற்றரி செத்துப்போய், அது ஏதோ ஆதிகாலத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. கோப்புகள் எல்லாம் எதிர்காலத்தில் எழுதப்பட்டவை என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்கிறது. திகதியைத் திருத்தினேன். வேலை பாதி நடக்கும்போது கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் கணினி திரும்ப ஆதிகாலத்துக்குப் போய்விட்டது.

அவள் ஒவ்வொரு நாளும் காலை பஸ்ஸில் வந்தாள். ஒரு பார்சலில் எனக்கும் சோறு கட்டிக்கொண்டு வருவாள். கதிரையில் இருந்து திரையைப் பார்ப்பாள். ஓடுகிற எழுத்துகளில் அவளுக்கு ஒன்றும் விளங்காது. எனக்கு விளங்குவதும் அதில் பாதிதான் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. இடைக்கிடை “சரி வருமோ அக்கா?” என்று கேட்பாள். ஒரு நாளைக்கு இருபது தரம் கேட்டிருப்பாள். தலைவர் வேறு கதவடியில் வந்து நின்று, “ஞாயிற்றுக்கிழமைக்குள்ள இல்லையெண்டால் அடுத்த வருசம் பாப்பம் பிள்ளை, எழுதுற ஆளுக்குச் சொல்லோணும்” என்று விட்டுப் போவார். அடுத்த வருடம் பார்க்க இதென்ன திருவிழாவா?

வியாழக்கிழமை ஒரு பிழை வந்தது. இன்ன தலைப்புக் கோப்பைக் காணவில்லை என்றது. அந்தக் கோப்பு எங்கே இருக்கும் என்று தேடி, இன்னொரு பொதியை இறக்கி, நாலாவது சீடி. அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போய் வருவதற்குள், வாசலில் நின்ற மான் ஒன்று தலையை உள்ளே நீட்டிச் சீடியின் கடதாசி உறையை மென்றுகொண்டிருந்தது. சீடியில் கீறல் விழுந்து கடைசிப் பாதி வாசிக்கவில்லை. ஐந்தாவது சீடிக்கு நான் போய் நின்றபோது கடைக்காரர் கதிரையைத் துடைத்துப் போட்டார்.

திரும்பி வந்தேன். வியர்வை, பசி, மண்டை இடி. ஐந்தாவது சீடியும் ஏறி, கம்பைல் திரும்ப ஓடத் தொடங்கி, நினைவகம் போதாது என்று நடுவில் நின்றது. “சரி வருமோ அக்கா?” என்றாள் அவள்.

எனக்கு விசர் ஏறிவிட்டது. “உங்கட மனுசன் போகேக்க ஆரிட்டயாவது ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருந்தால் எனக்கு இந்தக் கரைச்சல் இருக்குமே!” என்று கத்தினேன்.

அவள் கோபிக்கவில்லை. “அதைத்தான் அக்கா நானும் ரெண்டு வருசமா யோசிக்கிறனான்” என்றாள். “அப்பிடிச் சொல்லாமல் போற ஆள் இல்லை அவர். மிளகாய்த்தூள் வாங்கப் போனாலும் சொல்லிப்போட்டுத்தான் போவார்.”

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, வேலையைத்தான் பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்டாமல் துண்டு துண்டாகக் கட்டச் சொன்னால் நினைவகம் போதும் என்று அன்று பின்னேரம் கண்டுபிடித்தேன். அதன்படி வெள்ளிக்கிழமை முழுவதும் ஒவ்வொரு துண்டாகக் கட்டினேன். ஒவ்வொரு தரமும் திகதியைச் சரிபார்த்தேன். நாலு மணிபோல நிறுவும் கட்டளையும் பிழை இல்லாமல் முடிந்தது. அழுகை வரும்போல இருந்தது. கோப்பைத் திறக்கச் சொன்னேன். விரிக்கிற லைப்ரரி இங்கே இல்லை என்றது.

சனியனே! இப்போதுதானே உன் வயிற்றுக்குள் வைத்தேன்? அந்தப் பெட்டியைத் தூக்கித் துறைமுகத்துக்குள் எறிந்திருப்பேன். பாரமாக இருந்ததால் தப்பியது. அன்று அதற்கு மேல் இருக்க ஏலாமல் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை தெளிந்த தலையோடு பார்த்தபோது விஷயம் சின்னது. நிறுவியது ஒரு அடைவில், அதாவது ஒரு ஃபோல்டரில், கணினி தேடுவது இன்னொரு அடைவில். ஒரே ஒரு கோப்பைப் பிரதி பண்ணி மற்ற இடத்திலும் வைத்தேன். திரும்பக் கேட்டேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அன்றைய நாள் விரிந்து வந்தது. இதற்காகவா ஆறு நாள் என் உயிரை எடுத்தாய் என்று பெட்டியைக் கேட்டேன்.

அவள் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். நான் நேரத்தைப் பார்த்து ஓடவிட்டேன். இரைச்சல், பிறகு வேறு ஒரு வள்ளம், இன்னொரு வள்ளம். பிறகு அந்த வள்ளத்தின் ஓட்டியுடைய குரல் வள்ளத்தின் இலக்கத்தைச் சொல்லியது. அதற்குப் பதில் சொன்னது என் குரல். நான் இவ்வளவு எரிச்சலாகக் கதைக்கிறவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“ஓம், விளங்குது. அஞ்சு பேர்தானே? எழுதியாச்சு. போங்கோ.”

“அக்கா, இந்தா ஒராள் ஒரு சேதி சொல்லோணுமாம்…”

“மட்டையைப் பாக்கேல்லையோ? கதைக்க இடம் இல்லை.”

அதற்குள் வேறொரு குரல், காற்றில் கத்திச் சொல்கிற குரல்: “அக்கா, நான் துறைக்கு வந்தனான், ஆள் காணாது எண்டு இவங்கள் ஏத்திப்போட்டாங்கள். அலுமாரித் திறப்பு சட்டைப் பொக்கற்றுக்குள்ள வந்திட்டுது. வீட்டில மனுசி தேடுவா. ஒருக்காச் சொல்லிவிடுங்கோ, நாளையிண்டைக்கு வந்திடுவன் எண்டு.”

“ஓம் ஓம், சொல்லுறன். வையுங்கோ” என்றது என் குரல். அதோடு அடுத்த வள்ளம் வந்துவிட்டது.

“திருப்பிப் போடுங்கோ” என்றாள் அவள். போட்டேன். “அவர்தான்” என்றாள். மூன்றாம் தரம் போடும்போது திரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“சொல்லுறன் எண்டு சொன்னீங்கள்தானே அக்கா.”

“ஓம்” என்றேன். “மறந்து போனன்.” இரண்டு வருடம் அவளுக்குப் பின்னால் ஊர் கதைத்த கதை முழுவதும், நான் ஒரு போன் எடுத்திருந்தால் பிறந்திருக்காது. ‘ஆரிட்டயாவது ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருந்தால்’ என்று வியாழக்கிழமை அவளைப் பார்த்துக் கத்தியவளும் நான்தான்.

வெளியே ஒன்றையும் எடுக்க ஏலாத பெட்டி என்பதால் கமிட்டிக்காரர்தான் அறைக்கு வர வேண்டியிருந்தது. பின்னேரம் தலைவரோடு நாலு பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். எல்லோரும் அவளுடைய புருஷனோடு வலை இழுத்தவர்கள், அவருடைய குரலைத் தெரியும். தலைவருக்கு நான் முதலே எல்லாம் சொல்லியிருந்தேன். அவர் என் பக்கம் குனிந்து, “ஆள் சொன்ன இடத்தோட நிப்பாட்டும் பிள்ளை, காணும். உம்மட கதை என்னத்துக்கு?” என்றார் மெதுவாக. நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். என் கையும் நிறுத்தும் விசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

அவள் கேட்டுவிட்டாள். “இல்லை” என்றாள் கதிரையில் இருந்தபடியே. “முழுக்கப் போடுங்கோ அக்கா.”

நான் முழுவதையும் போட்டேன்.